காலம் தப்பி விழும் வாள்

ஒரே வாள், ஒரே வீச்சு. ஆனால் அது எதிராளியின் மேல் எப்போது விழும் என்பதை வீசுகிறவர் கடைசி நொடிவரை தன் கையிலேயே வைத்திருக்கலாம். ‘மோர்டாவ்’ விளையாட்டின் அழகு முழுவதும் எனக்கு இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்லோவீனியாவைச் சேர்ந்த டிரைடெர்னியன் என்ற சிறு குழு, கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடமே பணம் திரட்டி, 2019 ஏப்ரலில் இதை வெளியிட்டது. இடைக்கால ஐரோப்பியப் போர்க்களம்; வெளியானபோதே 64 பேர் இரண்டு அணியாகப் பிரிந்து இணையத்தில் மோதிக்கொள்ளலாம். குதிரை உண்டு, கவண்பொறி உண்டு, நெருப்புக் கலயம் உண்டு. அவை இருக்கட்டும். அந்த அமளிக்கு நடுவிலும் என் கண் தேடுவது, இருவர் நேருக்கு நேர் நிற்கும் இடத்தைத்தான்.

மவுஸ் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தக் கோணத்திலிருந்து வாள் கிளம்பும். தலைக்கு மேலிருந்து வரலாம், இடுப்புக்குக் குறுக்கே வரலாம், கீழிருந்து சாய்வாக எழலாம். முதலில் ஓங்கல், பிறகு வீச்சு. வீச்சு தொடங்கிய பின்னும் உடல் ஆடுபவரின் வசத்தில்தான் இருக்கிறது. வாள் போகும் திசையிலேயே உடலையும் திருப்பிவிட்டால் அலகு சீக்கிரமே போய்த் தொடும். இதை ஆக்ஸல் என்பார்கள். உடலை எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடித்தால் தாமதமாகத் தொடும், இது டிராக். பேரி எனப்படும் தடுக்கிறவருடைய தடுப்போ கண்சிமிட்டும் நேரத்துக்கு மேல் நிற்காது. அவசரப்பட்டுத் தடுத்தால், தடுப்பு ஓய்ந்த பிறகு டிராக் வந்து இறங்கும். பொறுத்திருந்தால் ஆக்ஸல் முந்திக்கொள்ளும்.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பாட்டின் தொடக்கமான எடுப்பு, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் விழாமல், தாளத்துக்கு முன்பே கிளம்பினால் அதீதம். தாளம் தொடங்கியபின் வந்து சேர்ந்தால் அனாகதம். கைதேர்ந்த ஆட்டக்காரர் முதல் இரண்டு அடிகளைச் சமத்திலேயே கொடுத்து எதிராளியைப் பழக்குவார். மூன்றாவது அனாகதத்தில் வரும். அதை எதிர்பார்த்து எதிராளி பொறுக்கத் தொடங்கியதும் நாலாவது அதீதமாகிவிடும்.

இதன்மேல் பொய்களும் உண்டு. ஓங்கிய வாளைப் பாதியில் திரும்ப வாங்கிக்கொள்வது ஃபெயின்ட். வெட்டாக ஓங்கிக் குத்தாக மாற்றுவது மார்ஃப். தடுப்பவர் பக்கம் இருப்பதிலேயே அழகானது சேம்பர்: வருகிற அடி விழும் தறுவாயில், அதே வகை அடியை அதே கோணத்தில் தானும் எடுத்து அதைச் செல்லாமல் செய்துவிடுவது. தடுத்தலும் தாக்குதலும் ஒரே அசைவாகிவிடும் அந்தக் கணத்துக்காகவே மணிக்கணக்காகத் தோற்கலாம் என்று நினைப்பவன் நான். இங்கே பகடை கிடையாது. அதிர்ஷ்டத்தால் விழும் அடி என்று ஒன்று இல்லை. அலகு சென்ற பாதையில் உடல் இருந்ததா, அவ்வளவுதான் கணக்கு.

போர்வாள் கலையை அறிந்தவர்களுக்கு இன்னொரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசத்தை வாளின் கூர்மையால் பிளக்க முடியாது. ஆகவே வாளைத் தலைகீழாகத் திருப்பி, அலகை இரு கைகளாலும் பற்றி, கைப்பிடிக் குமிழையும் குறுக்குக் கம்பியையும் சம்மட்டியாக்கி எதிரியின் தலையில் இறக்கினார்கள். ஜெர்மானிய வாள் ஆசான் ஹான்ஸ் டால்ஹோஃபரின் 1467ஆம் ஆண்டுச் சுவடியில் இந்தப் பிடியைச் சித்திரமாகவே காணலாம். விளையாட்டின் பெயர் அந்த அடியின் பெயர்தான். நீள்வாளை இங்கேயும் ஒரு விசையைத் தட்டி அப்படித் திருப்பிக்கொள்ளலாம். எட்டும் தூரம் குறையும், கவசத்தின்மேல் விழும் அடி கனக்கும். கவசக்காரன் எதிரே வந்ததும் ஒருவர் வாளைத் திருப்பிப் பிடிப்பதைப் பார்த்தாலே, அவர் யோசித்து ஆடுகிறார் என்று தெரிந்துவிடும்.

இந்த வரிசையில் இது முதல் விளையாட்டு அல்ல. டொராண்டோவின் டார்ன் பேனர் ஸ்டூடியோஸ் 2012-இல் தந்த ‘ஷிவல்ரி: மெடிவல் வார்ஃபேர்’ இதற்கு வழி போட்டது. அதிலும் வீச்சை வளைக்கலாம். ஆனால் வெற்றிக்காக முதுகைக் காட்டிச் சுழன்று வெட்டும் பழக்கம் அங்கே பரவி, கண்ணுக்கு விகாரமாகிப் போனது. மோர்டாவ், வீசும்போது உடல் திரும்பும் வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டது. அந்த வரம்புதான் ஆட்டத்தைக் கலையாக்கியது என்பேன். 2017-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘ஃபார் ஹானர்’ வேறு ரகம்: அடி வரும் திசையைத் திரையில் ஒரு குறியே காட்டிவிடும். அதற்கும் அதன் சுவை உண்டு. ஆனாலும் அங்கே நாம் படிப்பது குறியை. இங்கே எதிராளியின் தோளை, இடுப்பை, அவர் பார்வை சாயும் பக்கத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு இது இரக்கமற்ற இடம் என்பது உண்மை. ஆயிரம் மணி நேரம் ஆடியவர் முன்னால் வந்து நின்றால், என்ன நடந்தது என்று புரிவதற்குள் தலை உருண்டிருக்கும். ஆகவே முதலில் களத்தில் இறங்காமல், துவந்த ஆட்டம் நடக்கும் சர்வர்களில் சும்மா நின்று பார்க்கச் சொல்வேன். ஒருவர் வாளைச் சுழற்றிக் காட்டி அழைப்பார். மற்றவர் பதிலுக்குச் சுழற்றினால் சம்மதம். சுற்றி நிற்பவர்கள் குறுக்கே வருவதில்லை. குறுக்கே வருவதை விளையாட்டு தடுக்கவில்லை; ஆடுகிறவர்களே ஏற்படுத்திக்கொண்ட மரியாதை அது. சற்றுத் தள்ளி ஒருவர் வீணையின் ஐரோப்பிய உறவினனான லூட்டை மீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

அங்கே பார்க்கும்போது கண்ணைக் கால்களில் வையுங்கள். வாளின் எல்லைக்கு வெளியே அரையடி பின்வாங்கி, அடியைக் காற்றில் போகவிட்டு, உடனே உள்ளே நுழைகிற அந்த நடையில்தான் பாதிச் சண்டை தீர்கிறது. தவறிய ஒவ்வொரு வீச்சுக்கும் ஸ்டாமினா என்ற மூச்சுப் பலம் கரையும், தடுத்தாலும் கரையும், ஃபெயின்டுக்கும் விலை உண்டு. அது தீர்ந்த நிலையில் இன்னொரு அடியைத் தடுக்கப் போனால் ஆயுதம் கையைவிட்டுப் பறந்துவிடும். அதனால் நல்ல துவந்தத்தில் முதல் ரத்தம் விழுவதற்கு வெகுமுன்பே, யார் மூச்சு முதலில் தீரப்போகிறது என்பது தெரியத் தொடங்கிவிடுகிறது.