ஏழு நிமிடக் காற்று

ஏர் கம்ப்ரசரின் டேங்க் நிரம்பியதும் மோட்டார் நிற்கும். நின்ற கையோடு பிரஷர் ஸ்விட்ச்சின் அடியிலிருந்து ‘புஸ்ஸ்’ என்று ஒரு மூச்சு வரும். ஹெட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவே குழாயில் அடைபட்ட காற்றை ஒரு சின்ன வால்வு வெளியே விடுகிற சத்தம் அது. அப்படி விட்டால்தான் அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் கிளம்பும். இந்த ஒரு மூச்சைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்குகிறேன் என்று சொன்னால், என் வீட்டில் எல்லோரும் நம்புவார்கள்.

2 எச்.பி. மோட்டார், பெல்ட்டில் ஓடும் வார்ப்பிரும்பு ஹெட், 150 லிட்டர் டேங்க். கோவையில் என் வீட்டு ஷெட்டின் மூலையில் மூன்று வருடமாக நிற்கிறது. இத்தனை வருடத்தில் பட்டறைக்கு நான் வாங்கிய சாமான்களில், வெல்டிங் மெஷின் உட்பட, இதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

இதற்கு முன்னால் ஒன்று இருந்தது. 24 லிட்டர் டேங்க், மோட்டாரும் ஹெட்டும் நேராகக் கோத்த வகை. பெட்டியில் 2 எச்.பி. என்று போட்டிருந்தது, 7 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 7 கன அடி காற்று) என்றும் போட்டிருந்தது, தூக்குவதற்குச் சுலபமாக இருந்தது, வாங்கிவிட்டேன். டயருக்குக் காற்றடிக்கும் வரை குறையே தெரியவில்லை. அப்பாவின் பழைய சேத்தக் ஸ்கூட்டருக்குப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது. சைடு பேனலில் பாதி தூரம் ஸ்ப்ரே கன்னை ஓட்டுவதற்குள் 40 பாயிண்டில் (பி.எஸ்.ஐ.) இருந்த முள் 20-க்கு இறங்கிவிட்டது. காற்று குறைந்தால் பெயிண்ட் பொடியாகச் சிதறாது, துளி துளியாக விழும். பேனல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, மறுபடியும் பிரைமரிலிருந்து ஆரம்பித்தேன். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன்தான் கண்ணைத் திறந்துவிட்டார். முப்பது வருடமாகக் கம்ப்ரசரோடு பழகியவர். “எச்.பி.யப் பாத்து வாங்காதீங்க தம்பி. டேங்க்கு எத்தன நிமிசத்துல ரொம்புதுன்னு பாருங்க. அதானுங்க கணக்கு” என்றார். சொன்னதோடு விடாமல் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்.

டேங்க்கின் லிட்டரை, முள் ஏறுகிற கிலோவால் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்கிற அழுத்தம்) பெருக்க வேண்டும். நிரம்ப எடுத்த நிமிடத்தால் வகுக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று நிஜமாக உள்ளே போகிறது என்பது கைக்கு வந்துவிடும். அதை 28-ஆல் வகுத்தால் சி.எஃப்.எம். அன்று ராத்திரியே என் பழைய மெஷினை ஓட்டி, கைபேசியில் நேரம் பார்த்தேன். பூஜ்ஜியத்திலிருந்து 8 கிலோவுக்கு ஏற இரண்டு நிமிடம். 24-ஐ 8-ஆல் பெருக்கினால் 192, இரண்டால் வகுத்தால் 96. சி.எஃப்.எம். கணக்கில் மூன்றரைகூட இல்லை. பெட்டியில் போட்டிருந்த 7 என்பது பிஸ்டனின் அளவையும் சுற்றையும் வைத்துப் போடுகிற ஏட்டுக் கணக்கு. வால்வில் கசிவது, சூட்டில் காற்று விரிவது, பிஸ்டனுக்கு மேலே இடுக்கில் தங்கிவிடுவது எல்லாம் போக, நம் கைக்கு வந்து சேருகிற காற்று வேறு. அதற்கு எஃப்.ஏ.டி. என்று தனிப் பெயரே உண்டு. கடையில் அந்த எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் மெஷினைப் பிளக்கில் மாட்டச் சொல்லுங்கள்.

நான் அப்படித்தான் வாங்கினேன். கோவையில் இருப்பதில் இது ஒரு பெரிய கொடுப்பினை. 1960-ல் காராஜ் சாமான்களும் கம்ப்ரசரும் செய்ய ஆரம்பித்த எல்ஜி எக்விப்மென்ட்ஸ் பிறந்த ஊர் இது. இங்கே கம்ப்ரசர் விற்பவருக்கு வால்வு பிளேட்டின் பெயரும் தெரியும், பிஸ்டன் ரிங்கின் விலையும் தெரியும். நான் கேட்டதும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஓட்டிக் காட்டினார். 150 லிட்டர், 8 கிலோ, சரியாக ஏழு நிமிடம். 6 சி.எஃப்.எம். வந்தது. பலகையில் 9 என்றிருந்ததை நான் பொருட்படுத்தவே இல்லை. என் ஸ்ப்ரே கன்னுக்கு 5 போதும். வேண்டியதைவிட ஒன்று கூட இருக்கிறது, அவ்வளவு நிம்மதி.

3 எச்.பி. வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ். 2 எச்.பி.யே ஓடும்போது 10 ஆம்பியர் பக்கம் இழுக்கும், கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். இதற்கே 16 ஆம்பியர் பிளக், தனி வயர், தனி பிரேக்கர் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் போனால் வீட்டு விளக்கு ஒவ்வொரு முறையும் மங்கும்.

பெல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நேராகக் கோத்த மெஷின் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டே ஓடும். இதில் மோட்டார் 1,440, ஹெட் அதிலும் ஏறக்குறைய பாதி. அந்தப் பெரிய சக்கரம் நிதானமாகச் சுற்றும்போது மாவு மில்லுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு தாளம் கேட்கும். சக்கரத்தின் ஆரங்களே விசிறியாகி ஹெட்டுக்குக் காற்று வீசும். சூடு குறைகிறது, ஆயுள் கூடுகிறது, பக்கத்து வீட்டுப் பாட்டியின் மத்தியானத் தூக்கமும் கெடவில்லை.

இதை வைத்து என்னென்ன செய்கிறேன்! கார்புரேட்டர் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசியால் குத்திக்கொண்டிருந்த காலம் போயே போய்விட்டது. ஒரு ஊது, பைலட் ஜெட் பளிச்சென்று திறந்துகொள்ளும். சேத்தக்கின் ஃப்ளைவீல் நட்டை இரும்புக் குழாய் மாட்டி, இரண்டு பேர் தொங்கித்தான் முன்பெல்லாம் கழற்றுவோம். இம்பாக்ட் கன்னை வைத்து விசையை அழுத்தினேன். ‘டர்ர்ர்’ என்று மூன்றே நொடி, நட்டு உள்ளங்கையில் விழுந்தது. சந்தோஷத்தில் அதை மறுபடி மாட்டி மறுபடி கழற்றினேன். பெயிண்ட்? சைடு பேனல் இரண்டும் ஒரே மூச்சில் முடிந்தன, முள் அசையவில்லை. கன்னின் வாயில் 30 பாயிண்ட் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஓட்டினேன். அந்த நீலத்தில் ஷெட்டின் டியூப் லைட் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அப்பா வந்து விரலால் தொடப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன்.

காற்றில் ஓடும் சாண்டர் மட்டும் இந்த மெஷினுக்கு ஆகாது. அது 10 சி.எஃப்.எம்.முக்கு மேல் குடிக்கும். வீட்டுப் பட்டறைக்குக் கரண்ட் சாண்டரே நல்லது.

தண்ணீரை மறக்கக் கூடாது. காற்றை ஏறக்குறைய ஒன்பது மடங்கு நெருக்கும்போது அதிலுள்ள ஈரம் தங்க இடமில்லாமல் நீராக இறங்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வருகிற நாளில், ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டினால் டேங்க்கின் அடியில் அரை டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர் சேர்ந்துவிடும். வேலை முடிந்ததும் அடித் திருகைத் திறந்து வடிக்கிறேன். வடிக்காவிட்டால் தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். அழுத்தம் தாங்குகிற டேங்க் மெலிவது விளையாட்டில்லை. அதே காரணத்துக்காகச் சுவரில் பி.வி.சி. குழாய் போட்டுக் காற்றைக் கொண்டுபோகாதீர்கள். அது விரிசல் விட்டுக் கசியாது, துண்டு துண்டாக வெடித்துப் பறக்கும். நான் இரும்புக் குழாய் போட்டு, லேசாகச் சாய்த்து, கடைசியில் தண்ணீர் பிடிக்கும் கிண்ணம் வைத்திருக்கிறேன்.

போன மாதம் மச்சானும் ஒன்று வாங்க வேண்டும் என்றார். அவருக்கு மரவேலை. அலமாரிக்குச் சின்ன ஆணி அடிப்பதும் தூசி ஊதுவதும்தான் வேலை. என் மெஷினையே வாங்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தார். ஆணிக் கன்னுக்கு ஒரு தடவைக்குக் கொஞ்சம் காற்றுதான் செலவு. அதனால் 1 எச்.பி.யில், சத்தம் குறைந்த, ஆயில் ஊற்றத் தேவையில்லாத 30 லிட்டர் மெஷினைக் காட்டினேன். கடையிலேயே இரண்டு பேரும் கைபேசியைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்து நின்றோம். இரண்டரை நிமிடம். அவரே வாய்விட்டுக் கணக்குப் போட்டு, “மூணுக்கு மேல வருது மாப்ள!” என்றார்.

சேத்தக்கில் இன்னும் முன்பக்க மட்கார்டு பாக்கி. பிரைமர் காய்ந்துவிட்டது. வருகிற ஞாயிறு அதற்கும் நீலம்.