தேவைப்படும்போது கட்டினால் போதாதா?

திருகோணமலை லிங்கநகர்ப் பகுதியை ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கித் திறந்தால், கண்ணில் முதலில் படுவது ஒழுங்கைகள் அல்ல; புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், அகலாங்கு, நெட்டாங்கு. அவை முடிந்த பிறகே வழிகள் வரும். வழிக்குள்ளோ அகலாங்கு, நெட்டாங்கு இல்லை; புள்ளிகளின் இலக்கங்களும் பெயர் போன்ற குறிகளும்தான்.

இப்படியொரு கோப்பை வாசிக்கும்போதே புள்ளி, வழி போன்ற உறுப்புகளை ஒப்ஜெக்டுகளாக்கிவிடுவது நிரலாளர்களுக்குக் கைப்பழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. அகலாங்கு எழுத்துச் சரமாக உள்ளே வந்து, தூரம் கணக்கிடும் இடத்தில் போய்ச் சிக்காது, வாசலிலேயே எண்ணாகிவிடும். கோப்பை நிகழ்வு நிகழ்வாக வாசிக்கும் சாக்ஸ் முறையில் 'இப்போது எந்த உறுப்புக்குள் நிற்கிறேன்' என்று கொடி கொடியாக வைத்து அல்லாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறை எங்கே? ஒப்ஜெக்டுக்கான வகுப்பை எழுதியவர் 'பெயர்' என்று ஒரு புலம் மட்டும் வைத்தார் என்று கொள்வோம். அந்த வரைபடத்தில் தமிழ், சிங்களப் பெயர்களுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. வகுப்பு அவற்றை அறியாது. பிழைச் செய்தியும் தராது. கோப்பில் இருந்த தமிழ்ப் பெயர் ஒப்ஜெக்டில் இல்லை. திரும்ப எழுதிச் சேமித்தால் கோப்பிலும் இராது. எல்லாவற்றையும் ஒப்ஜெக்டாக்குவதால் வரும் நினைவக விரயத்தைவிட இதையே நான் பெரிய குற்றம் என்பேன். தெரியாத குறிகளை அப்படியே போட்டுவைக்க வகுப்பில் ஓர் அகராதி இருந்தால் தீர்ந்தது. அதை வைப்பவர்கள்தான் குறைவு.

நினைவகச் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே ஒரு விடை உருவானது. இலங்கை நிரலாளர்கள் பெரும் பங்காற்றிய, இணையச் சேவைகளுக்கான அப்பாச்சி அக்சிஸ்2, 2006இல் முதற்பதிப்பாக வந்தது. அதன் உள்ளே இருந்த எக்ஸ்எம்எல் வாசிப்புப் பகுதியான அக்ஸியம், கேட்கும் வரை ஒப்ஜெக்டைக் கட்டாது. கேட்ட உறுப்புவரை மட்டும் ஓடையை இழுத்து வாசிக்கும். அச்சேவைகள் பரிமாறும் சோப் செய்தியின் தலைப்பைப் பார்த்து, உடலைத் தொடாமல் அடுத்த இடத்துக்கு அனுப்புவதற்கு அருமையான ஏற்பாடு. விலை உண்டு: வேலை முடியும்வரை ஓடை திறந்தே இருக்க வேண்டும், கோப்பின் பிற்பாதியில் உள்ள பிழை, நிரல் பாதி வேலை செய்தபின்தான் தலைகாட்டும்.

லிங்கநகர்க் கோப்பில் இந்தச் சோம்பல் எடுபடாது. முதல் வழியைக் கேட்டாலே அதற்கு முந்திய புள்ளிகள் அனைத்தும் கட்டப்பட்டுவிடும். பைதனின் எக்ஸ்எம்எல் வாசிப்புக் கருவியான இட்டர்பார்ஸும் இதே ஏமாற்றுத்தான்: உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தருவதுபோல் தரும், துடைக்காவிட்டால் எல்லாம் மரத்திலேயே தொங்கும். சிறு ஊர்ப்பகுதிக்கு இது பொருட்டல்ல. முழு இலங்கைக் கோப்பென்றால் புள்ளிகளுக்கு வகுப்பே வேண்டாம். இலக்கத்துக்கு எதிரே இரண்டு எண்கள் போதும். வழிகள் மட்டும் ஒப்ஜெக்டாகட்டும்.

இன்னொன்று: இறக்கிய எல்லையைத் தாண்டி ஓடும் ஒரு பஸ் தடம், பல வழிகளைச் சேர்த்துச் சுட்டும் 'உறவு' உறுப்பாக இருந்தால், அது சுட்டும் வழிகளில் பல கோப்பிலேயே இருக்கமாட்டா. வாசிக்கும்போதே ஒப்ஜெக்டோடு ஒப்ஜெக்டைக் கோக்க முனைந்த நிரல் அங்கே வெறுமையைச் சுட்டி விழும். இலக்கத்தை இலக்கமாகவே வைத்த நிரல், மிச்சத்தைப் பிறகு இறக்கிக்கொள்ளும்.