வேம்பும் விஞ்ஞான எழுத்தும்: உழைப்பின் இடம் பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1992இல் வெளியிட்ட அறிக்கையொன்றின் தலைப்பை 'வேம்பு: உலகப் பிரச்சினைகளைத் தீர்க்கும் மரம்' எனத் தமிழிற் கூறலாம். பூச்சிகொல்லி, மருந்து, கருத்தடை, காடாக்கம் ஆகிய துறைகளில் வேம்பினாற் பெறத்தக்க பயன்களைத் தொகுத்துரைக்கும் விஞ்ஞான நூல் அது. ஆயினும் இலக்கிய மாணவன் அதனையும் ஒரு பனுவலாகப் படிக்கலாம். தலைப்பின்படி பிரச்சினைகளைத் தீர்ப்பது மரமே. விதை பொறுக்கியவரும் செக்காட்டியவரும் பிண்ணாக்கைத் தோட்டத்தில் இட்டவரும் அவ்வாக்கியத்திற்குப் புறத்தே நிற்கின்றனர். நூலினுள்ளே இந்தியக் கிராம வழக்கங்கள் மறைக்கப்படவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். எனினும் தலைப்புக் காட்டும் உலகில் வர்க்கங்கள் இல்லை. விதை விற்பவரும் அதனை வாங்கும் நிறுவனமும் 'உலகம்' என்னும் ஒரு சொல்லுள் அடக்கப்படுகின்றனர்.

வேம்பு பற்றிய நவீன ஆராய்ச்சி மேலைத்தேயத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1942இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். வெட்டுக்கிளிகள் வேம்பைத் தீண்டாது விட்டதை 1959இல் சூடானிற் கண்ட ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஷ்முட்டரரின் பெயர் பெரிதும் அறியப்பட்டுள்ளது. வேப்பம் பருப்பை அரைத்து நீரிற் கலந்து தெளித்த பயிர்களை வெட்டுக்கிளிகள் உண்ணவில்லை என்பதை டில்லியில் பிரதானும் அவருடன் பணியாற்றியோரும் 1962இல் எடுத்துக்காட்டினர். பூச்சிகளை உண்ணவிடாது தடுத்தும் அவை தோலுரிக்கும் வளர்ச்சியைக் குழப்பியும் செயற்படும் அசாடிரக்டின் என்னும் சேர்வை 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்திற் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு 1985இலேயே தெளிவாயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழுவினர் அதனைச் செயற்கையாகத் தொகுக்க 22 ஆண்டுகள் உழைத்து, 2007இல் 71 படிகளில் வெற்றி கண்டனர். அது மாபெரும் சாதனை. அதனை இகழ்வோர் விஞ்ஞானத்தை அறியாதோர். ஆனால் சந்தைக்கு வேண்டிய அசாடிரக்டின் இன்றும் வேப்பங்கொட்டையிலிருந்தே வருகிறது.

முரண்பாடு தோன்றுவது ஆய்வுகூடத்திலன்று, உடைமையுறவில். கிரேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் விதை கொள்வனவில் இறங்கிய காலத்தையொட்டி, இரு தசாப்தங்களுள் ஒரு டன் விதையின் விலை 300 ரூபாவிலிருந்து 3,000 ரூபாவுக்கு மேல் உயர்ந்ததாக வந்தனா சிவா எழுதினார். வேப்பெண்ணெய்ச் சாற்றால் பயிர்ப் பூஞ்சணங்களைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அந்நிறுவனமும் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. எதிர்ப்பு மனு 1995இல் இடப்பட்டது. 2000 மே மாதத்தில் உரிமை நீக்கப்பட்டது. 2005 மார்ச்சில் மேன்முறையீடும் தள்ளப்பட்டது.

இவ்வெற்றியை நம்மவர் பலர் 'முன்னோர் அறிந்ததே' என்று கொண்டாடினர். விசாரணையிற் பெரிதும் எடுபட்ட சான்று வேறு. தமது நிறுவனம் முன்னரே இத்தகைய சாற்றைத் தயாரித்து வயல்களிற் பரிசோதித்ததை இந்தியத் தொழிலதிபர் அபய் பட்கே எடுத்துரைத்தார். அதாவது, ஒரு தொழிற்சாலையின் அனுபவம் மற்றொரு தொழிற்சாலையின் உரிமையை மறுத்தது. அமெரிக்கச் சட்டமோ 2013 வரை பிறநாட்டு மக்களின் பயன்பாட்டை, அது அச்சிலேறாதவிடத்து, முன்னறிவாகக் கொள்ளவேயில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட வர்க்கத்தின் அறிவு சட்டத்தின் கண்ணில் அறிவாகாது போனமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சங்க இலக்கியத்தைச் சான்றாகக் காட்டுவோர் அவ்விலக்கியம் எதனைப் பதிவு செய்தது என்று வினவுவதில்லை. தொல்காப்பியத்தில் வேம்பு மூவேந்தருள் ஒருவனது அடையாளப் பூ. அங்கே பூவுக்குரியவன் பாண்டியன். அதைப் பறித்தவர் யார் என்பது பேசப்படுவதில்லை. புறநானூற்றின் 281ஆம் பாட்டு இதனின் வேறுபட்டது. புண்பட்ட வீரனைக் காக்க வீட்டில் வேம்பு செருகும் பெண்களின் செயல் அதில் இடம்பெறுகிறது. அது நம்பிக்கை சார்ந்த சடங்கு. அதனைக் கிருமியியல் என்று வலிந்து பொருள் கொள்வது புலமையாகாது. ஆனால் மரத்தோடு மனிதர் கொண்ட நடைமுறை உறவை அப்பாட்டுக் காட்டுகிறது. வேந்தன் மாலை காட்டுவதில்லை. பண்டைப் பெருமை பேசும் திறனாய்வு மாலையையே பற்றிக்கொண்டது.

கொழும்பில் வாழும் நமக்கு இது தொலைவான விடயமன்று. கொட்டாஞ்சேனையில் அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாசலில் இன்றும் வேப்பிலை செருகப்படுகிறது. வெள்ளவத்தைக் கடைகளில் வேப்பம்பூ வடகம் பொதிகளில் விற்பனையாகிறது. வேம்பு வரண்ட வலயத்து மரம். யாழ்ப்பாண முற்றங்களில் உதிர்ந்த பூவைக் கூட்டி, உளுந்தோடு பிசைந்து, சுளகில் உலர்த்திய பெண்களின் உழைப்பே இங்கு விலைச்சீட்டோடு வந்து சேர்கிறது. 1983இன் பின்னர் போரும் இடப்பெயர்வும் அவ்வாறு உழைத்தோர் பலரை மரமில்லா மாடிவீடுகளுக்குக் கொணர்ந்தன.

தமிழ்ச் சங்கங்கள் வேம்பின் பெருமைக்கு விழா எடுப்பதினும் இவர்களிடம் கேட்டெழுதுவது பயனுடைத்து. புகையிலைத் தோட்டத்திற்குப் பிண்ணாக்கு எவ்வளவு இட்டனர்? கொட்டையை நிழலில் உலர்த்தினரா, வெயிலிலா? எத்தனை மாதம் வைத்திருந்து ஆட்டினர்? உலர்த்தலுக்கும் சேமிப்புக்கும் ஏற்பக் கொட்டையின் அசாடிரக்டின் அளவு வேறுபடுவதால், இவ்வினாக்கள் இரசாயனவியலாளருக்கும் உரியவை. விடையறிந்தோருட் பலர் முதுமையடைந்துவிட்டனர்.