சந்துக்குள் ஒரு யந்திரம்

பெரிய யந்திரங்கள் தலைகாட்டவும் இயலாத சென்னைச் சந்துகளில், தன் சங்கிலிப் பாதங்களை ஒரு மீட்டருக்குள் ஒடுக்கிக்கொண்டு புகுந்து, உள்ளே சென்றதும் அவற்றை விரித்து நிலைகொண்டு அஸ்திவாரக் குழி தோண்டும் ஒன்றே முக்கால் டன் மினி ஹிட்டாச்சியைக் கண்டு ஆனந்திக்காதவர் யார்? சுழலும்போது பின்பாகம் சங்கிலிக்கு வெளியே நீளாத வகையானால், அடுத்த வீட்டு மதிலுக்கும் அது ரக்ஷையாகும். ஆயினும் என் மனத்தை அதிகம் கவர்ந்தது, பக்கெட்டைக் கழற்றிவிட்டு மாட்டும் கிராப்தான்: ஹைட்ராலிக் எண்ணெயின் விசையால் இரு தாடைகளும் மெல்ல நெருங்கி, உடைந்த கருங்கல்லொன்றை நழுவவிடாமல் பற்றி, வாகாகத் திருப்பிக் குழியோரத்தில் சப்தமின்றி வைக்கும் நயம் அபூர்வமானது. வாடகைக்கு எடுப்போர், கிராபின் எடையையும் கல்லின் எடையையும் சேர்த்து, கை முழுதும் நீண்ட நிலையில் யந்திரம் தாங்குமா என்று பாரப் பட்டியலில் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டுகிறேன்.