கா விட்டவள் சொல்ல வேண்டிய கதை

கொட்டச்சேடு மாதிரி ஒரு மலையூரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு எத்தனை தோழிகள் வாய்ப்பார்கள்? ஏற்காட்டைச் சுற்றிய காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவில் சிதறிக் கிடக்கும் வீடுகளில் அவள் வயதுக்காரிகள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் பத்தாம் வகுப்பிலும் உட்காருவாள். பஸ்ஸும் அவளோடு, டியூஷனும் அவளோடு. பாதிப் பேர் ஏதாவது ஒரு முறையில் சொந்தம் வேறு. அவர்களில் ஒருத்தி ஒரு திங்கட்கிழமை காலையில் "இனிமே இவகூட யாரும் பேசக் கூடாது" என்று சொல்லி, மற்றவர்களும் கட்டுப்பட்டுவிட்டால், தள்ளிவைக்கப்பட்டவள் போய் ஒட்டிக்கொள்ள இன்னொரு செட்டு கிடையாது. ஏற்காட்டில் 1894 முதலே பெண்களுக்கான கான்வென்ட் பள்ளி இருக்கிறது. மலையேறி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவளுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். பகல் முழுக்க முகம் கொடுக்காதவள்தான் ராத்திரி அடுத்த கட்டிலில் படுத்திருப்பாள்.

பதின்வயதுப் பெண்களின் 'டாக்ஸிக்' நட்பைப் பேசும் ஆங்கில நாவல்கள் இந்த இருபது ஆண்டுகளில் குவிந்துவிட்டன. அவற்றை எடைபோட எனக்கு இந்தக் கொட்டச்சேட்டுப் பெண்தான் படிக்கல். விலகிப் போக இடமில்லாத ஒருத்தியிடம் இந்தக் கதைகள் உண்மை பேசுகின்றனவா?

அலை எங்கே தொடங்கியது என்று கேட்டால் 2002 என்று சொல்லலாம். ரோசலிண்ட் வைஸ்மனின் 'குயின் பீஸ் அண்ட் வானாபீஸ்', ரேச்சல் சிம்மன்ஸின் 'ஆட் கேர்ள் அவுட்' இரண்டும் அமெரிக்காவில் அந்த ஆண்டுதான் வந்தன. முதல் நூலை வைத்து 2004இல் 'மீன் கேர்ள்ஸ்' படமும் வந்தது. ஆய்வாளர்கள் அதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தார்கள். 1988இல் பின்லாந்தில் லாகர்ஸ்பெட்ஸ், பியோர்க்விஸ்ட், பெல்டோனன் மூவரும், பதினொன்று பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் கோபத்தைக் கைகலப்பில் காட்டாமல் புறம்பேசுவது, கூட்டு மாறுவது, ஒதுக்குவது என்று சுற்றுவழியில் காட்டுவதை எழுதினார்கள். 1995இல் நிக்கி கிரிக்கும் ஜெனிபர் குரோட்பீட்டரும் 491 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு, உறவையே ஆயுதமாக்கும் இந்த வன்முறையைத் தனியாக அளந்து காட்டியது. நம் பிள்ளைகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கா விடுவதற்கும் பழம் விட்டுச் சேர்வதற்கும் அவர்கள் எப்போதோ சட்டம் வகுத்துவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஒருத்தியிடம் கா விட்டு, பழம் விட ஒருத்தியும் வராதபோது அது விளையாட்டாக இருப்பதில்லை.

இந்த வரிசையை எனிட் பிளைட்டனிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். விடுதிப் பள்ளி என்றால் எப்படியிருக்கும் என்று இந்தியாவின் ஆங்கில வழிப் பெண்கள் பல தலைமுறையாகக் கற்பனை செய்துகொண்டது அவர் புத்தகங்களிலிருந்துதான். 'செயின்ட் கிளேர்ஸ்' வரிசை 1941இல் தொடங்கியது, 'மாலரி டவர்ஸ்' 1946இல். மாலரி டவர்ஸின் முதல் புத்தகத்தில் குவென்டலின், பயந்தாங்கொள்ளியான மேரி-லூவை நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள் அமுக்குகிறாள். பின்னால் அதே மேரி-லூவின் பேனாவை உடைத்து, பழி கதாநாயகி டாரல் மேல் விழும்படி ஏற்பாடு செய்கிறாள். பிளைட்டனை மேலோட்டமானவர் என்று தள்ளுகிறவர்கள் இந்த இடத்தை நின்று படிக்க வேண்டும். குவென்டலினுக்கு அந்தப் பேனாவோடு பகை ஏதுமில்லை. மேரி-லூ போய் டாரலிடம் ஒட்டிக்கொண்டதுதான் பொறுக்கவில்லை. ஒரு தோழியைப் பிரித்தெடுக்க எந்த இடத்தில் கத்தி வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பிளைட்டனுக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு நடப்பதுதான் கோளாறு. 1951 வரை வந்த ஆறு புத்தகங்களிலும் குவென்டலின் அந்த வகுப்பின் நேர்ந்துவிட்ட ஆடாகவே இருக்கிறாள். அவளைக் கேலி செய்வது மற்றவர்களின் உரிமை. அந்தச் சிரிப்பில் ஆசிரியரும் சேர்ந்துகொள்கிறார். ஒருத்தியோடு யாரும் பேசக் கூடாது என்று வகுப்பே கூடி முடிவெடுப்பது பிளைட்டனின் பள்ளிகளில் முறையான தண்டனை, அதுவும் பெண்களே நடத்தும் நேர்மையான நீதிமன்றத்தின் தீர்ப்பு! பின்லாந்துக்காரர்கள் வன்முறை என்று பட்டியலிட்டதைப் பிளைட்டன் ஒழுக்கப் பயிற்சி என்று எழுதிவைத்திருக்கிறார். ஒருத்தி செய்தால் கொடுமை, இருபது பேர் சேர்ந்து செய்தால் பள்ளியின் மானம். கொட்டச்சேட்டுப் பெண்ணை ஒதுக்கிவைத்த நாலு பேரும் இந்தப் புத்தகங்களைப் படித்தால் தங்களை டாரல் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

அறுபது ஆண்டு கழித்து வந்த லாரன் ஆலிவரின் 'பிஃபோர் ஐ ஃபால்' (2010) பார்வைக்கு நேரெதிர். கதை சொல்லும் சாம், பள்ளியில் எல்லோரும் அஞ்சும் நால்வர் கூட்டத்தில் ஒருத்தி. விபத்தில் சாகிறாள், அதே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்கிறாள், தன் கூட்டம் வருஷக்கணக்காக வதைத்த ஜூலியட் என்ற பெண்ணை அப்போதுதான் கண் திறந்து பார்க்கிறாள். கூட்டத்தின் தலைவி லின்ட்ஸியும் ஜூலியட்டும் சிறுவயதில் உயிர்த்தோழிகள். ஒரு முகாம் ராத்திரியில் லின்ட்ஸி படுக்கையை நனைத்துவிட்டு, பழியை ஜூலியட் மேல் போட்டதிலிருந்துதான் அத்தனையும் ஆரம்பம். இந்த ஒரு விவரத்துக்காகவே நாவலை மதிக்கலாம். தலைமை என்பது பெரும்பாலும் இப்படி ஓர் அவமானத்தை மூடிவைக்கப் போட்ட மண்தான். லின்ட்ஸியின் ரகசியத்தை அறிந்தவள் ஜூலியட் ஒருத்தி மட்டும். அதனால்தான் அவளை யாரும் நம்பாதபடி செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் நாவல் யாருக்காக நடக்கிறது என்று பாருங்கள். ஜூலியட் சாகத் துணிவது சாமின் ஆன்மா கடைத்தேறுவதற்கு. வதைபட்டவளுக்கென்று ஒரு நாள், ஒரு கோபம், ஓர் எரிச்சலூட்டும் குணம்கூட ஆசிரியர் கொடுக்கவில்லை. கடைசியில் சாம் தன் உயிரைக் கொடுத்து அவளைக் காப்பாற்றும்போது, அது மன்னிப்புக் கேட்பதைத் தவிர்க்கும் மிக அழகான வழியாகிவிடுகிறது. செத்துப்போனவளிடம் கணக்குக் கேட்க முடியுமா? உயிரோடு இருந்து, மறுநாள் பஸ்ஸில் அதே பெண்ணின் பக்கத்தில் உட்கார்வதுதான் கஷ்டம். அந்த மறுநாளைத்தான் நாவல் எழுதவில்லை.

அதே ஆண்டில் வந்த கோர்ட்னி சம்மர்ஸின் 'சம் கேர்ள்ஸ் ஆர்' இதைவிடக் கெட்டியான புத்தகம். அதிகம் பேசப்படாததும் இதுதான். ரெஜினா, தலைவி ஆனாவின் வலது கை. ஆனா யாரைக் கைகாட்டுகிறாளோ அவளை முடித்துவைப்பது ரெஜினாவின் வேலை. ஒரு பார்ட்டியில் ஆனாவின் காதலன் ரெஜினாவிடம் பலாத்காரமாக நடந்துகொள்ள முயல்கிறான்; அது திரிக்கப்பட்டு அவள்தான் துரோகி என்று பரவுகிறது; ஒரே ராத்திரியில் அவள் ஒதுக்கப்படுகிறாள். தான் செய்து பழகியதெல்லாம் தனக்கே நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் கைத்தொழில்காரியின் கண்ணோடு அவள் கவனிப்பதுதான் இந்த நாவலின் சாதனை. அடுத்த அடி எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த முறையைக் கண்டுபிடித்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. முன்பு தான் கெடுத்த மைக்கேலிடம்தான் சாப்பாட்டு வேளையில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. அவன் சட்டென்று மன்னித்துவிடுவதில்லை. படிக்கிறவருக்கு அவள் மேல் பரிதாபம் வரும். பிடித்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறை சொல்வதானால், பின்பாதியில் அடிதடி சினிமா அளவுக்கு ஏறுகிறது, அந்தப் பள்ளியில் ஆசிரியர் என்று யாராவது வேலை பார்க்கிறார்களா என்றே சந்தேகம் வருகிறது.

மேகன் ஆபட்டின் 'டேர் மீ' (2012) பற்றி ஒரே வரி போதும். இரண்டு பெண்களின் பிடிமானத்தை அபாரமாகத் தொடங்கிவிட்டு, ஒரு பிணத்தைக் கொண்டுவந்து போட்டுத் துப்பறியும் கதையாக்கிவிடுகிறது. இந்த வகை நாவல்களின் பொதுவான தப்பித்தல் வழியே இந்தப் பிணம்தான். பெரும்பாலான பெண்களின் வாழ்க்கையில் ஒருவரும் சாவதில்லை, அதனாலேயே ஒருவரும் கவனிப்பதுமில்லை.

மார்கரெட் அட்வுட்டின் 'கேட்ஸ் ஐ' (1988) இளையோர் நாவல் என்ற அட்டையோடு வந்ததில்லை. ஆனாலும் மற்ற எல்லாவற்றையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. டொரண்டோவில் சிறுமி இலேனை அவளுடைய மூன்று தோழிகள் 'திருத்துகிறார்கள்'. நடை சரியில்லை, பேச்சு சரியில்லை, சிரிப்பு சரியில்லை. எல்லாம் அவள் நன்மைக்காகத்தான். கொர்டேலியா அவளுடைய தொப்பியைப் பள்ளத்தாக்கில் வீசி எடுத்துவரச் சொல்கிறாள்; இலேன் பனிக்கட்டி உடைந்து ஓடைக்குள் விழும்போது மூவரும் போய்விடுகிறார்கள். இவ்வளவும் பயங்கரம், ஆனால் இதையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். அட்வுட் மட்டும் எழுதிய இடங்கள் இரண்டு. ஒன்று, தோழிகளில் ஒருத்தியின் அம்மா திருமதி ஸ்மீத் இந்தக் கொடுமையை அறிந்தே இருக்கிறாள். அது இலேனுக்குத் தகும் என்றும் நினைக்கிறாள். சிறுமிகள் ஒதுக்கக் கற்றுக்கொண்டது யாரிடம் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிடுகிறது. இரண்டு, உயர்நிலைப் பள்ளியில் தராசு சாய்கிறது. இப்போது இலேன் வாய்த்துடுக்கானவள், கொர்டேலியா தடுமாறுகிறவள். மனநலக் காப்பகத்திலிருந்து தன்னை வெளியே கொண்டுபோகச் சொல்லிக் கொர்டேலியா கெஞ்சும்போது இலேன் கைவிடுகிறாள். வதைபட்டவள் நல்லவளாக இருக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து அட்வுட் அவளை விடுவித்துவிட்டார்.

இதை நடுவயது ஓவியராகிவிட்ட இலேன் திரும்பிப் பார்த்துச் சொல்வதால்தான் சாத்தியமாகிறது, பதினைந்து வயதுக்காரியின் குரலில் இவ்வளவு தூரம் போக முடியாது என்று ஒரு வாதம் உண்டு. எலெனா ஃபெரான்டேயின் நேப்பிள்ஸ் நாவல்களும் (2011 முதல்) முதுமையிலிருந்து திரும்பிப் பார்ப்பவைதானே. வாதத்தில் வலு இருக்கிறது. இளையோர் நாவல் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இன்று ஒதுக்கப்பட்டவளிடம் போய் நாற்பது ஆண்டு பொறு, புரியும் என்று சொல்ல முடியாது. இது உனக்கு மட்டும் நடப்பதில்லை என்று இப்போதே சொல்ல ஒரு புத்தகம் வேண்டும். ஆனால் 'சம் கேர்ள்ஸ் ஆர்' பதின்வயதுக் குரலிலேயே தன் பங்கை ஒப்புக்கொள்கிறது. ஆகவே வயது தடையில்லை. கதைசொல்லிக்கு வாசகரின் அன்பு கட்டாயம் கிடைத்தாக வேண்டும் என்று பதிப்பாளரும் ஆசிரியரும் நினைப்பதுதான் தடை.

தமிழுக்கு வருவோம். நமக்குத் தோழி என்றால் தொல்காப்பியம் காட்டும் செவிலியின் மகள். தலைவிக்காகப் பேசி, தலைவிக்காக இரங்கி, தலைவிக்காகப் பொய்யும் சொல்பவள். அவளுக்குத் தலைவி மேல் ஒரு நாளாவது பொறாமை வந்திருக்காதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வள்ளுவர் நட்புக்கு ஐந்து அதிகாரம் ஒதுக்கி, அதில் இரண்டைத் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் கொடுத்தார். ஆராய்ந்து சேர், தகாதவனை மெல்ல விடு என்கிற அந்த அறிவுரை, தேர்ந்தெடுக்கவும் விடவும் வசதி உள்ளவருக்குச் சொன்னது. பொருட்பாலில் வருவதும் பொருத்தம்தான். விடுதிக் கட்டிலை விட முடியாதவளுக்கு அது உதவாது.

இன்றைய தமிழ்ச் சிறார் இலக்கியம் கூச்சத்தை விட்டுவிட்டது என்பதற்கு யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சான்று. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசிய அந்தக் கதைக்கு 2020இல் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. அங்கே கெட்டவர் ஒரு பெரியவர். யார் பக்கம் நிற்பது என்பதில் குழப்பமில்லை. கெடுதல் செய்கிறவளும் அதே வகுப்புக் குழந்தை, அவளும் நம் வாசகி என்று வரும்போது சிறார் எழுத்து தயங்குகிறது. பெரியவர்களுக்கான இலக்கியத்தில் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) நெருங்கி வருகிறது. பிள்ளைகள் திருட்டுத்தனமாக சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொள்ளும்போது, ரபியாவின் முதுகில் விழும் அடியிலிருந்து அந்த ஊரின் பெண்களே பெண்களுக்குக் காவலாக நிற்கும் முறை விரிகிறது. பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் சல்மா. அந்தக் காவலை உள்ளேயிருந்து அறிந்தவர். அட்வுட்டின் திருமதி ஸ்மீத் அங்கே தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாவலில் நஞ்சு வீட்டிலிருந்து சிறுமிகள் மேல் இறங்குகிறது. சிறுமிகள் அதை எடுத்துத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் கதை அதில் இல்லை. விடுதிக்குள் சாதி என்ன செய்யும் என்பதை பாமாவின் 'கருக்கு' 1992லேயே எழுதிவிட்டது. தமிழ்ப் பள்ளியில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்பதற்கு அழகும் பணமும் மட்டும் காரணமாக இருப்பதில்லை என்பதை அமெரிக்க நாவல்களிலிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளவே முடியாது. தோட்டத்துக்காரர் மகளும் தோட்டத்தில் பழம் பறிப்பவர் மகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் மலையில் அது இன்னும் பட்டவர்த்தனம்.

என் தீர்ப்பு இது. கொட்டச்சேட்டுப் பெண்ணின் கையில் 'பிஃபோர் ஐ ஃபால்' கொடுக்க மாட்டேன். செத்தால்தான் பார்ப்பார்கள் என்ற பாடத்தை அது தெரியாமல் சொல்லிவிடுகிறது. பிளைட்டனை அவள் தானாகவே எடுத்துப் படிப்பாள், படிக்கட்டும். குவென்டலினுக்காக ஒருமுறை வழக்காடிப் பார்க்கச் சொல்வேன். 'சம் கேர்ள்ஸ் ஆர்' நாவலை அவளுக்குக் கொடுப்பதைவிட, அவளோடு பேசாத அந்த நாலு பேருக்குக் கொடுப்பது பயன். பதினாறு தாண்டியதும் 'கேட்ஸ் ஐ'. தமிழில் இந்த நாவலை எழுத உட்காருகிறவர் ஒதுக்கப்பட்டவளின் கண்ணீரிலிருந்து தொடங்க வேண்டாம். "பேசக் கூடாது" என்று சொன்னவளுக்குப் பின்னால் நின்று, தலையாட்டிவிட்டு, அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்ட இரண்டாம் பெண்ணிடம் கதையைக் கொடுக்கட்டும்.