எடையே என்ஜின்

பறம்பிக்குளத்துக்கு இன்று காரில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று ஏறித்தான் போக வேண்டும். காடு கேரளத்தில், வாசல் தமிழ்நாட்டில். 1907 முதல் 1963 வரை அந்தக் காட்டுக்கு மேற்கே இன்னொரு வாசல் இருந்தது. சாலக்குடிக்கு இறங்கிய கொச்சி சமஸ்தானத்து வன டிராம்வே அது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம், மீட்டர் கேஜ் பாதை. தேக்கையும் ஈட்டியையும் மலையிலிருந்து கீழே கொண்டுவருவதற்காகவே போடப்பட்ட இருப்புப்பாதை.

இதை ஏன் போட்டார்கள் என்று யோசிக்கும்போதே ரசனை தொடங்கிவிடுகிறது. பறம்பிக்குளத்தில் விழும் மழைநீரும் கடைசியில் சாலக்குடிக்குத்தான் போகிறது. பறம்பிக்குளம் ஆறு, குரியார்குட்டி ஆறு, சோலையாறு எல்லாம் சேர்ந்ததுதான் சாலக்குடி ஆறு. மரத்தை ஆற்றிலேயே தள்ளிவிட்டிருக்கலாமே? முடியாது. வெட்டிய பச்சைத் தேக்கு லேசில் மிதக்காது. ஈட்டி மூழ்கியே போகும். அப்படியே மிதந்தாலும் வழியில் அதிரப்பள்ளி அருவி நிற்கிறது. ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து பாறைமேல் விழுந்த மரத்தில் எந்தத் தச்சன் கை வைப்பான்? ஆறு புறப்படும் இடத்தில் புறப்பட்டு, ஆறு போகும் ஊருக்கே போய்ச் சேர, ஆற்றை நம்பாத ஒரு வழி தேவைப்பட்டது.

சாலக்குடியில் அந்த மரத்தை வாங்கிக்கொள்ள ரயில் காத்திருந்தது. ஷொர்ணூர்–கொச்சி பாதை 1902-இல் திறக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பணம் திரட்ட, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை மன்னர் ராமவர்மா விற்றார் என்று சொல்வார்கள். அவர் காலத்திலேயே வன டிராம்வேயும் வந்தது. ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனி என்ஜின்கள் காட்டுக்குள் புகை விட்டன.

ஆனால் என் மனம் லயிப்பது என்ஜின்களில் அல்ல, அவை போக முடியாத சரிவுகளில். மலைச்சரிவு செங்குத்தாகும் இடங்களில் என்ஜின் நின்றுவிடும். அங்கே மேல்முனையில் ஓர் உருளை, அதைச் சுற்றி எஃகுக் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் கீழே நிற்கும் காலி வண்டி. பார வண்டியை விட்டால் போதும், அது இறங்க இறங்கக் காலி வண்டி தானாக மேலே ஏறும். நிலக்கரி வேண்டாம், விறகு வேண்டாம், மாடும் வேண்டாம். உருளையில் பிரேக் பிடிக்க ஆள் மட்டும் வேண்டும். இழுப்பது அவர் வேலை இல்லை. ஓடத் துடிப்பதை அடக்குவதுதான் வேலை. கவலை ஏற்றத்தில் மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, அவற்றின் கனமே கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவருமே, அதே சூட்சுமம்.

இதே காலத்தில்தான் நீலகிரியிலும் ரயில் ஏறிக்கொண்டிருந்தது. 1899-இல் குன்னூர், 1908-இல் ஊட்டி. அங்கே செங்குத்தான சரிவில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறியது. மனிதர்கள் மலைக்கு ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். அதனால் அவ்வளவு உழைப்பு. பறம்பிக்குளத்தில் கனம் எல்லாம் ஒரே திசையில்தான் போனது. அந்த ஒரு உண்மையைக் கண்டுகொண்டு, சரிவு வழிகளை அதன்மேல் கட்டியவர்களின் நிதானம்தான் என்னை மயக்குகிறது. ஏறும் வண்டியில் கொஞ்சம் அரிசியும் உப்பும் இருந்தாலும் கணக்கு கெடாது. இறங்கும் தேக்கு அதைவிடக் கனம்.

இவ்வளவு நேர்த்தியாக இறங்கியது காடுதான் என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். வழி எவ்வளவு சுலபமாக இருந்ததோ, அவ்வளவு சுலபமாக மரங்கள் போயின. 1933-இல் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி குரியார்குட்டியில் தங்கினார். அப்போதும் டிராம்வே மரங்களை இறக்கிக்கொண்டிருந்தது.

பிறகு லாரிகள் வந்தன, நஷ்டம் வந்தது, 1963-இல் மூடினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழுந்தன. மேற்கே சாலக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரின் ஒரு பங்கு கிழக்கே திரும்பியது. தூணக்கடவிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, சர்க்கார்பதியில் தன் கனத்தாலேயே விசையாழியைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டு, கால்வாயில் விழுந்து கொங்கு நாட்டு வயல்களுக்குப் போகிறது.