சாசனத் தமிழும் மேடைத் தமிழும்: பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகமொழி

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968) அவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவரை இருவராகப் பிரித்தே பேசுவர். ஒருவர், கி.பி. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளின் தமிழ்ச் சாசன மொழியை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சுவாமி விபுலானந்தரையடுத்து 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றவர். மற்றவர், ஓய்வுவேளைகளில் நாடகமும் கவிதையும் நாவலும் எழுதியவர். முன்னவருக்கு மரியாதை செய்துவிட்டுப் பின்னவரை ஒரு புன்முறுவலோடு கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. அவருடைய நாடகங்களை அவரது மொழியாராய்ச்சியோடு சேர்த்து நோக்குமிடத்து இவ்வழக்கம் எவ்வளவு பொருந்தாதது என்பது புலனாகும்.

சாசனங்களைப் படிப்பவன் இலக்கியத்தில் மட்டும் பயின்றவன் காணாத ஒரு தமிழைக் காண்கிறான். நிலத்தின் எல்லை, விளக்குக்கு விட்ட ஆடு, கோயிலுக்கு அளக்கும் நெல் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் தமிழ் அது. கல்வெட்டுவோன் இலக்கணியின் அனுமதிக்குக் காத்திருந்தவனல்லன். தஞ்சைப் பெருங்கோயிற் சாசனத்தில் 'எடுப்பித்த' என்பது 'எடுப்பிச்ச' என்றே நிற்கின்றது. இது கணபதிப்பிள்ளை ஆராய்ந்த காலத்துக்குப் பிந்தியதெனினும், இத்தகைய வடிவங்கள் கல்லில் ஏறுவதன் பொருள் யாது என்பதை அவரினும் நன்கறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. 'படிச்ச', 'அடிச்ச' என்று பேசும் வடமராட்சிக் கிழவியின் தமிழ், மன்னன் ஆணையிற் பொறித்த தமிழோடு உறவுடையது என்பதை அவர் தம் துறைவழியே அறிந்திருந்தார். பண்டிதர் வழு எனத் தள்ளியதனை அவர் வரலாறு எனக் கொண்டார்.

1940இல் வெளிவந்த 'நானாடகம்' இவ்வறிவின் விளைவு என்றே கொள்ளத்தக்கது. 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்', 'கண்ணன் கூத்து', 'நாட்டவன் நகர வாழ்க்கை' ஆகிய நான்கு நாடகங்களிலும் பாத்திரங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலேயே உரையாடுகின்றன. பருத்தித்துறைப் புலோலியிற் பிறந்த ஆசிரியருக்கு அது வீட்டுமொழி. ஆங்கிலமே போதனாமொழியாக இருந்த ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் விரிவுரையாளர் ஒருவர் இம்மொழியை அச்சேற்றியமையும், அவருடைய நாடகங்களில் மாணவரை அம்மொழியிற் பேச வைத்தமையும் இன்று நினைப்பது போல எளிய செயல்களல்ல.

அப்பேச்சு வெறும் நிறந்தீட்டலுக்காக வந்ததன்று. இலக்கணம் கூறும் அ, இ, உ என்னும் முச்சுட்டினுள் உகரச் சுட்டு தமிழகத்துப் பேச்சிற் பெரிதும் வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தில் அது உயிரோடிருக்கின்றது. மேடையில் மூவர் நிற்கும்பொழுது 'இவன்', 'உவன்', 'அவன்' என்னும் சொற்களே யார் யாருக்கு அண்மையில் நிற்கின்றார், யாரை யார் தள்ளி வைக்கின்றார் என்பவற்றை உணர்த்தவல்லன. செந்தமிழ் உரையாடலில் ஒரு நீண்ட வாக்கியம் செய்ய வேண்டிய வேலையை இங்கு ஒரு சுட்டெழுத்துச் செய்துவிடுகின்றது. நாடகாசிரியனுக்கு இதனினும் பெரிய வாய்ப்பு வேறென்ன?

ஆயினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. 1952இல் வெளிவந்த 'இரு நாடகங்கள்' சமூகத்தைப் பொருளாகக் கொண்டு பேச்சுவழக்கையே தொடர்ந்தது. ஹர்ஷரின் 'ரத்னாவளி'யைத் தழுவிய 'மாணிக்கமாலை'யும், வரலாற்று நாடகமாகிய 'சங்கிலி'யும் (1956) இலக்கிய நடைக்குத் திரும்பிவிட்டன. உடையாருக்கு வாய்த்த வீட்டுமொழி மன்னனுக்கு வாய்க்கவில்லை. வடமொழி நாடக மரபில் அரசன் சமஸ்கிருதமும், பெண்டிரும் ஏவலரும் பிராகிருதமும் பேசுவர். அந்த ஏற்றத்தாழ்வு வேறொரு வடிவிற் பேராசிரியரிடமும் தங்கிவிட்டதோ என ஐயுற இடமுண்டு. நகைக்கவும் ஏளனஞ்செய்யவும் பேச்சுத்தமிழ். வீரத்துக்கும் காதலுக்கும் வீழ்ச்சிக்கும் செந்தமிழ். பேச்சுமொழிக்கு மேடையைத் திறந்துவிட்டவர் அதற்கு அழுவதற்கான உரிமையை முழுமையாக வழங்கவில்லை. சாசனத்திலே மன்னனும் 'எடுப்பிச்ச' என்று பேசியதைக் கண்டவர் தம் நாடகத்து மன்னனுக்கு அத்தமிழைக் கொடுக்கத் தயங்கியமை வியப்புக்குரியது. அவர் காலத்து அவையினர் அதனை ஏற்றிருப்பரோ என்பது வேறு கதை.

அத்தயக்கத்தின் விலையை 1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகம் கண்டது. மரபு பற்றி எழுந்த விவாதத்திலே, படைப்பாளிகள் கையாண்ட பேச்சுமொழி 'இழிசனர் வழக்கு' என இகழப்பட்டது. 'நானாடகம்' தோன்றி இருபதாண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வாறு கூற முடிந்தது. சிரிப்புக்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்ட மொழி கோபத்தையும் துயரத்தையும் பேசத் தொடங்கிய பொழுதுதான் எதிர்ப்பு மூண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. பேச்சுமொழியின் சார்பில் அவ்விவாதத்தில் முன்னின்ற க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேராதனையிற் கணபதிப்பிள்ளையிடம் பயின்றவர்கள். சிவத்தம்பி 'உடையார் மிடுக்கு', 'தவறான எண்ணம்' ஆகியவற்றில் நடித்தவருமாவார்.

ஓர் ஆசிரியரின் போதனையை அவருடைய விரிவுரைக் குறிப்புகளிற் காண்பதிலும் மாணவர் அதனை எத்திசையிற் கொண்டு சென்றனர் என்பதிற் காண்பதே பொருத்தமாகும். ஆ. வேலுப்பிள்ளை சாசன ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவரது 'சாசனமும் தமிழும்' 1971இல் வெளிவந்தது. ஆசிரியரின் நாடகங்களைப் பல்கலைக்கழக மேடையில் நெறிப்படுத்திய சு. வித்தியானந்தன் பின்னர் கிழக்கிலங்கைக் கூத்துக்களை நாடிச்சென்று 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) ஆகியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அங்கே அரசன் கிராமத்து ஆட்டத்தோடும் பாட்டோடும் வருகின்றான். அவனது வீழ்ச்சியை மத்தளமும் சல்லரியும் சொல்கின்றன. மொழியில் ஆசிரியர் நின்றுவிட்ட எல்லையை மாணவர் வடிவத்திலே கடந்தார். இன்னொரு பக்கத்தில் மஹாகவி 'கோடை'யிலே யாழ்ப்பாணத்துப் பேச்சோசையைச் செய்யுளுக்குள் அமைத்து, அதனைக் கனத்த உணர்வுகளுக்கும் உரியதாக்கினார்.